வாய்மொழி உத்தரவு

சிரிப்பு வரும் சார். கட்டாயம் வரும், அதுக்கு நான் பொறுப்பு. ஆனால் அவசரப்படக் கூடாது. அல்வாவை அடுப்பிலிருந்து எடுத்து அப்படியே வாயில் போட்டால் நாக்குதான் வெந்துபோகும். ஆறட்டும். உங்களைப் பதினோரு மணிக்குத்தானே வரச் சொன்னாங்க? கூப்பிடுவாங்க சார். கலெக்டர் ஆபீஸில் வரச் சொல்லிட்டுக் கூப்பிடாமல் இருப்பாங்களா? நல்லாச் சாய்ஞ்சு உட்காருங்க. எதிர் பெஞ்சில் இருக்கிற அக்காவும் கேட்கட்டும். பாவம், காலையிலிருந்து மடியில் துணிப்பையை வெச்சுக்கிட்டு அவங்களும் காத்துக்கிடக்காங்க. என்னக்கா, கேக்கியளா? தலையாட்டுறாங்க பாருங்க.

என் பேர் இசக்கி. பதினொண்ணாம் வகுப்பு. ஒரு சின்னப் பிள்ளைக்குத் துணையா வந்திருக்கேன். இந்த அறைக்குள்ளே அவ அம்மாவோட இருக்கா. கதவை ஏன் இப்படி ஒருக்களிச்சு வெச்சிருக்காங்கன்னா கேக்குறீங்க? புழுக்கம் சார். வேறென்ன?

எனக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு வித்தை. யார் குரலா இருந்தாலும் பேசிடுவேன். பொம்பளைப் பிள்ளைக்குக் கட்டைக்குரல் ஆகாதுன்னு எங்கம்மா மிளகுக் கசாயமாப் போட்டுக் குடுத்துப் பார்த்தா. இன்னும் கட்டையாத்தான் ஆச்சு. பிறகு அவளே விட்டுட்டா. கண்டக்டர், கறிக்கடை பாய், கோயில் மைக்கில் நன்கொடை வாசிக்கிறவர், எல்லாரும் என் தொண்டைக்குள்ளே குடியிருக்காங்க, வாடகையே கிடையாது. ரேஷன் கடைக்காரர் வேணுமா? கேளுங்க. "பாமாயில் வரலம்மா. வந்தா நான் என்ன தலைக்கா தேய்ச்சுக்கப் போறேன்?" பாருங்க, உங்களுக்கு உதடு பிரியுது. இது இல்ல சார் அந்தச் சிரிப்பு. இது ருசி பார்க்கிறதுக்கு.

நீங்க கல்வித் துறைதானே? எப்படித் தெரியும்னா, சட்டைப் பையில் பச்சை மசிப் பேனா இருக்கே. எங்க ஹெட்மாஸ்டர் அந்தப் பச்சையைப் பார்த்தாலே எழுந்திரிச்சிருவார். பச்சை மருதாணி அப்பின கையைப் பார்த்தாக்கூட பாதி எழுந்திரிப்பார்.

தவசிக்கண்ணு சார்னு வெச்சுக்குவோம், நிஜப் பேர் வேண்டாம். நல்ல மனுஷன், யாரையும் அடிக்க மாட்டார். முட்டிபோட மட்டும் சொல்லுவார். மிமிக்ரி பண்ணினதுக்காக அவர் ரூமுக்கு வெளியே முட்டிபோட்டே என் முழங்கால் காய்ச்சுப்போச்சு. அவருக்கு இடது காது அவுட். வலது காது மழை நாளில் மட்டும் கேட்கும். அதனால் போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வெச்சிருவார். மேலிடத்துப் போன்னு தெரிஞ்சால் எழுந்து நின்னு, சட்டைக் கழுத்துப் பித்தானைப் போட்டுக்கிட்டு, குனிஞ்சு போனைப் பார்த்துப் பேசுவார். சாமிக்கு முன்னால் நிக்கிற மாதிரி. ஒரு மாவட்டத்துக் கல்வி நிர்வாகமே என் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் சார் நடந்துச்சு.

அந்த ஸ்பீக்கரில் மேலிடத்துப் பெரியவர் ஒருத்தர் பேசுவார். முகம் பார்த்ததில்லை. குரல் மட்டும்தான். ஐயோ, அது குரலே இல்ல சார், விருந்து. ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னாடி கிணத்து மோட்டார் பிடிக்கிற மாதிரி ஒரு செருமல். கடைசியில் ஒரு "விளங்குதா". இப்படி: "ஹ்ர்ர்ம்… தேர்ச்சி விகிதம் குறைஞ்சா நான் சும்மா இருக்க மாட்டேன். விளங்குதா?"

சிரிச்சிட்டீங்களே. நல்லாருக்கா? யார் மாதிரி இருக்கு? யாரோ பழைய அதிகாரி மாதிரி இருக்கா? இல்ல சார், அவர் இல்ல. யோசிச்சுக்கிட்டே இருங்க. ஒரு வேடிக்கை தெரியுமா? ஒருநாள் என் குரலையே போனில் பதிஞ்சு கேட்டேன். எவளோ பக்கத்து வீட்டு மாமியார் பேசுற மாதிரி இருந்துச்சு. நம்ம குரல் ஊருக்கே தெரியும், நமக்கு மட்டும் தெரியாது. சரி, கதைக்கு வரேன்.

அன்னைக்கு நான் வழக்கம்போல முட்டியில். உள்ளே ஜெயராணி டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கிட்டு நின்னாங்க. எட்டாம் வகுப்பு டீச்சர். ஹெட்மாஸ்டர் பித்தானைப் போட்டுக்கிட்டு எழுந்தார். "ஐயா, எட்டாவதுல ஒரு பிள்ளை… இந்த டீச்சர்கிட்டச் சொல்லியிருக்கு… நம்ம லேப் சாரைப் பத்தி… லேபுக்குத் தனியாக் கூப்பிட்டுத் தப்பா நடந்துக்கிட்டதா… ஸ்டேஷனுக்குச் சொல்லணும்னு டீச்சர் நிக்கிறாங்கய்யா." ஸ்பீக்கரில் மோட்டார் பிடிச்சுது. "ஹ்ர்ர்ம்… பேப்பர்ல எதுவும் வேண்டாம். பள்ளிக்கூடத்துக்குள்ளேயே முடிச்சிருங்க. அவரை வேற ஊருக்கு மாத்திருவோம். அந்தப் பிள்ளை டி.சி. கேட்டாக் குடுத்து அனுப்புங்க. இது வாய்மொழி உத்தரவு. விளங்குதா?" "விளங்குதுங்கய்யா." போன் வெச்சாச்சு. பித்தானைக் கழற்றியாச்சு.

நான் என்ன செஞ்சேன்னா கேக்குறீங்க? சந்தோசப்பட்டேன். பின்னே? 'வாய்மொழி உத்தரவு'ன்னு அவர் சொன்ன ராகம் இருக்கே, அது புதுசு. நான் ராகத்தைக் கவனிக்கிற ஆள் சார், வார்த்தை காதில் விழும், நிக்காது. அன்னைக்கு மத்தியானமே சாப்பாட்டு வரிசையில் அரங்கேற்றம். எவ எவகூடச் சண்டை போட்டாலும் நான் போய்ச் செருமுவேன்: "பள்ளிக்கூடத்துக்குள்ளேயே முடிச்சிருங்க, விளங்குதா?" வரிசையே சேர்ந்து "விளங்குதுங்கய்யா"ங்கும். சின்ன வகுப்புப் பிள்ளைகள் வரைக்கும் பரவிருச்சு. இப்போ உள்ளே இருக்காளே சுண்டெலி, அவ மட்டும் சொல்ல மாட்டா. தட்டைத் தூக்கிக்கிட்டு எழுந்து போயிருவா. சிரிக்கத் தெரியாத பிள்ளைன்னு நினைச்சுக்கிட்டேன்.

சுண்டெலின்னு நான் வெச்ச பேர். நிஜப் பேரைச் சொல்லக் கூடாதாம், சட்டத்திலேயே இருக்காம். நீங்க ஏன் சார் பேரைக் கேக்குறீங்க? சும்மாவா? சரி சரி, சும்மா.

பிறகு லேப் சாருக்குப் பிரிவு உபசார விழா. சாமியானா போட்டு, மிக்சரும் லட்டும் வாங்கி, பொன்னாடை போர்த்தி, "இப்பள்ளியின் அணையா விளக்கு இன்று வேறோர் ஊருக்கு ஒளிதரச் செல்கிறது"ன்னு வாழ்த்து மடல் வாசிச்சாங்க. ஜெயராணி டீச்சர் வரல. உடம்பு சரியில்லையாம். ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "ஏட்டி இசக்கி, இன்னைக்கு உனக்கு முட்டி கிடையாது. எல்லா சார் மாதிரியும் பேசு. கலகலன்னு இருக்கணும்"னார். எனக்கு மைக் கையில் கிடைச்சால் கேக்கணுமா? பி.டி. சார், தமிழம்மா, வாட்ச்மேன் தாத்தா, ஒருத்தரை விடல. பந்தல் பிச்சுக்கிட்டுது. கடைசியா விழா நாயகர். லேப் சார் ஜன்னலில் நின்னு பிள்ளைகளைக் கூப்பிடுவார், வெண்ணெய் மாதிரிக் குரல். "நீல ரிப்பன்… ரெக்கார்டு நோட்டை எடுத்துக்கிட்டு லேபுக்கு வாம்மா. மத்தவங்க அங்கேயே இருங்க. நீ மட்டும் வா."

கைத்தட்டல்னா அப்படி. லேப் சாரே பொன்னாடையை வாயில் பொத்திக்கிட்டுச் சிரிச்சார். மேடையிலிருந்து பார்த்தால் எட்டாம் வகுப்பு வரிசையில் ஒரு இடம் காலி. பெஞ்சுக்கு அடியில் ரெண்டு கால் தெரியுது. என்னடா இதுன்னு மைக்கை வெச்சிட்டுப் போய்க் குனிஞ்சேன். சுண்டெலி. சடையில் நீல ரிப்பன். காதில் விரலை விட்டுக்கிட்டு, பல்லெல்லாம் தந்தியடிக்குது. என்னைப் பார்த்து, "இனிமே யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் சார்"னா. என்னைப் பார்த்து சார். நான் பாவாடை தாவணியில் நிக்கேன், அவ கண்ணுக்கு நான் தெரியல. அவ்வளவு நல்லா வந்திருக்கு எனக்கு அந்தக் குரல். அதுக்கு முன்னாடியும் வந்ததில்ல, பின்னாடியும் வந்ததில்ல.

மின்விசிறி ஏன் இப்படிக் கத்துதுன்னு பார்க்குறீங்களா? அது அப்படித்தான். கூப்பிடுவாங்க சார். கூப்பிடுவாங்க.

அப்புறம்தான் அந்த வார்த்தையெல்லாம் திரும்பி வந்து எனக்குள்ளே வரிசையா உட்கார்ந்துச்சு. எட்டாவதுல ஒரு பிள்ளை. லேப் சார். முடிச்சிருங்க. மறுநாள் நான் மறுபடியும் முட்டியில் இருந்தப்போ, டி.சி. வாங்கிக்கச் சொல்லிச் சுண்டெலியோட அம்மாவை வரவெச்சிருந்தாங்க. எங்க பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கணும்னா செருப்புத் தேயணும். அவளை மட்டும் உட்காரவெச்சு, டீ வாங்கிக் குடுத்து, கையோட குடுத்தாங்க. அவ, "ஏன் சார் என் பிள்ளை போகணும்?"னு கேட்டா. ஹெட்மாஸ்டர் போனைப் போட்டு மேசை மேல் வெச்சார். பெரியவர் பேசினார். "ஹ்ர்ர்ம்… ஏம்மா, கேசு கீசுன்னு போனா நாளைக்கு உன் பிள்ளையை எவன் கட்டுவான்? பேசாம ஊருக்கு அனுப்பிரு. விளங்குதா?" அவளுக்கு விளங்கிருச்சு. பிள்ளையைப் புத்தகப் பையோட கூட்டிக்கிட்டுப் போயிட்டா. நம்ம ஊரில் விளங்காதவங்க யாரு சார்?

இங்கே ஒரு ஆளைச் சொல்ல மறந்துட்டேன். போன வருசம் மகளிர் ஸ்டேஷனிலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர் அம்மா வந்து காலை வணக்கக் கூட்டத்தில் பேசினாங்க. எங்க பிள்ளைகள் பாதித் தூக்கம். நான் மட்டும் குரலுக்காகக் கேட்டேன், வெண்கல மணி மாதிரி. "ஒரு குழந்தைக்குக் கெடுதல் நடந்தது தெரிஞ்சும் போலீசுக்குச் சொல்லாம மறைச்சா, அதுவும் குற்றம். மறைச்சவங்க ஹெட்மாஸ்டரா இருந்தாலும் சரி, அவருக்கும் மேல உள்ளவரா இருந்தாலும் சரி." இதையும் நான் மிமிக்ரி பண்ணியிருக்கேன். யாரும் சிரிக்கல. அதனால் விட்டுட்டேன்.

இப்போ எனக்கு ஒரு எண்ணம் வந்துச்சு. ஒரு பிள்ளையை வாயாலேயே முடிச்சு அனுப்பலாம்னா, வாயாலேயே திருப்பிக் கொண்டுவர முடியாதா? எழுத்தில் இருந்தால் நான் என்ன செய்ய? எனக்கு எழுத்து தகராறு. இது வெறும் குரல். குரல் என் கடைச் சரக்கு.

எங்கம்மா போனை எடுத்துக்கிட்டு மோட்டார் ரூமுக்குப் பின்னாடி போனேன். அடிச்சேன். "ஹ்ர்ர்ம்… தவசிக்கண்ணு." நாற்காலி நகர்ற சத்தம் கேட்டுச்சு. எழுந்துட்டார். "ஐயா, புது நம்பரா இருக்குங்களே." "பழசு சார்ஜ்ல கிடக்கு. அந்தப் பிள்ளை விசயம், மேல கேள்வி வந்தாச்சு. நான் முதல்ல சொன்னதை விட்டுருங்க. இப்பவே மகளிர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு உள்ளதைச் சொல்லுங்க. டீச்சரையும் பேசச் சொல்லுங்க. இல்லன்னா உருளப் போறது உங்க தலை. இது வாய்மொழி உத்தரவு. விளங்குதா?" "விளங்குதுங்கய்யா." கழுத்துப் பித்தான் போடுற சத்தம்கூட எனக்குக் கேட்ட மாதிரி இருந்துச்சு.

சிரிக்கிறீங்களே, இது இல்ல சார் அந்தச் சிரிப்பு. இன்னும் இருக்கு.

அவர் அப்படியே செஞ்சார். ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கல. உண்மையிலேயே ஐயாதான் பேசினாரான்னு போன் போட்டுக் கேட்கிறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் கேட்கக் கூடாது, மரியாதை இல்ல. நீங்களே சொல்லுங்க, உங்களை யாராவது அப்படித் திருப்பிக் கேட்டிருக்காங்களா? இல்லையா. அதான்.

போலீசு லேப் சாரைப் புது ஊரில் போய்ப் பிடிச்சுது. ஹெட்மாஸ்டரை விசாரிச்சாங்க. "மறைக்கச் சொன்னதும் ஐயாதான், சொல்லச் சொன்னதும் ஐயாதான்"னார். சொல்லிட்டு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரியில் படுத்துட்டார். இப்போ அவருக்கு எதுவும் ஞாபகம் இல்லையாம். ஜெயராணி டீச்சர் சாட்சி சொல்லத் தயார். ஆனால், "அழுதுக்கிட்டு நின்ன டீச்சர், ஐயா மேல என்ன கோபமோ"ன்னு இப்பவே பேச்சு கிளம்பியாச்சு. நான் இன்ஸ்பெக்டர் அம்மாகிட்டப் போய், "நான் முட்டியில் இருந்து கேட்டேன், இதோ இப்படித்தான் சொன்னார்"னு அச்சு அசலா அந்தக் குரலில் பேசிக் காட்டினேன். அவங்க நெற்றியில் கையை வெச்சுக்கிட்டாங்க. "இசக்கி, நீ இப்படிப் பேசுறதுதான் பிரச்சினையே. எந்தக் குரலை வேணும்னாலும் பேசுற பிள்ளை சொன்னா, கோர்ட்டுல சிரிப்பாங்க. அவர் குரல்ல அவர் பேசணும்"னாங்க.

என் வாழ்க்கையில் முதல் தடவையா என்னால் பேச முடியாத ஒரு குரல் சார். அவர் குரலில் அவர்.

உள்ளே இருக்கிற அம்மா இருக்காளே, அவ ஒரே பிடியா நிக்கிறா. "பிடிச்சது சின்ன ஆளை. என் பிள்ளையை ஊரைவிட்டு அனுப்பச் சொன்ன பெரிய ஆள் வெளியேதான் இருக்கார். நாளைக்கு அவர் ஒரு போன் போட்டா எங்க கதி? அவரும் கேசுக்குள்ள வராம என் பிள்ளை வாயைத் திறக்க மாட்டா"ங்கிறா. இன்னைக்கு இங்கே சுண்டெலி வாக்குமூலம் குடுக்கலைன்னா அவங்க சாயங்கால ரயிலுக்குப் போயிருவாங்க. லேப் சாருக்கு அடுத்த ஊரில் இன்னொரு பொன்னாடை காத்துக்கிட்டிருக்கும். அதுதான் சார் விசயம்.

நீங்க அனுபவப்பட்டவங்க. சொல்லுங்களேன், அந்தப் பெரியவர் செஞ்சது தப்பா?

தப்பில்லையா? பள்ளிக்கூடத்துப் பேர் கெட்டுப்போகுமா? ஆமா, அதுவும் இருக்கு. என்ன சார்? நீங்களே அப்படிச் சொல்லியிருக்கீங்களா? "பேப்பர்ல எதுவும் வேண்டாம், உள்ளேயே முடிங்க"ன்னா? இன்னொரு தடவை சொல்லுங்க, மின்விசிறிச் சத்தத்தில் அக்காவுக்குச் சரியாக் கேட்கல. கேட்டுச்சாக்கா? கேட்டுச்சாம். கொஞ்சம் சத்தமாவே சொல்லுங்க சார், நல்ல விசயம்தானே.

எந்தப் பள்ளிக்கூடமா? நீங்கதான் கண்டுபிடிங்களேன். ஆலடிப்புதூரா? இல்ல. செங்குளத்துப்பட்டியா? அதுவும் இல்ல சார்.

எனக்கு எங்க பள்ளிக்கூடம் ஒண்ணுதான் தெரியும். நீங்க இன்னும் ரெண்டு சொல்லிட்டீங்க.

இல்ல சார், ஒண்ணும் இல்ல. சும்மா எண்ணிப் பார்த்தேன், அவ்வளவுதான். நீங்க தண்ணி குடிங்க. அக்கா ஏதோ எழுதுறாங்கன்னு பார்க்குறீங்களா? மளிகைக் கணக்கா இருக்கும். பையை ஏன் உங்க பக்கமாத் திருப்பி வெச்சிருக்காங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?

அந்த இன்ஸ்பெக்டர் அம்மாவா? இங்கேதான் இருப்பாங்க. பிள்ளைகிட்ட வாக்குமூலம் வாங்குறப்போ காக்கி போடக் கூடாதாம் சார். பிள்ளை பயந்துரும்னு அப்படி ஒரு விதி. சாதாச் சேலையில்தான் வரணும். நம்மள மாதிரி, பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வர்றவங்க மாதிரி. காக்கியைப் பார்த்தே பழகினவங்களுக்கு அடையாளம் தெரியாது.

ஏன் சார் எழுந்துட்டீங்க? உட்காருங்க. கதவிலே நிக்கிறவங்களா? அவங்கதான் சுண்டெலியோட அம்மா. உங்க முகத்தை அவங்க பார்த்ததே இல்ல. ஆனால் இவ்வளவு நேரமா உள்ளே இருந்து கேட்டுக்கிட்டிருந்தாங்க. என்னம்மா? சொல்லுங்கம்மா, பயப்படாதீங்க.

"இந்தக் குரல்தான்."

உங்களைத்தான் சொல்றாங்க சார்.

போனை எடுக்குறீங்க. எடுங்க. காலையில் உங்களுக்கு வந்த நம்பருக்கா அடிக்கிறீங்க? "கலெக்டர் கேம்ப் ஆபீஸ்ங்கய்யா. பெரியவங்க பதினோரு மணிக்கு வரச் சொன்னாங்க. பைல் எதுவும் வேண்டாம், நீங்க மட்டும் வாங்க"ன்னு ஒரு டவாலிச் சேவகர் பேசினாரே, மூக்கால் பேசுற ஆள், அவருக்கா? நீங்களும் திருப்பிக் கேட்கலையே சார். இப்போ கேளுங்க. இப்பவாவது ஒருத்தர் கேட்கிறது நல்லதுதான்.

மணி அடிக்குதா? எனக்கும் கேட்குது.

என் பைக்குள்ளேதான் சார். எடுக்கட்டுமா?